மலைக்குப் போனீர்கள், மலையகத்துக்குப் போனீர்களா?

நல்லூர்த் திருவிழா முடிந்துவிடும். பார்க்க வேண்டிய உறவினரையெல்லாம் பார்த்தாகிவிடும். எஞ்சியிருக்கும் மூன்று நாள்களை எப்படிக் கழிப்பது என்ற கேள்விக்குப் புலம்பெயர்ந்து வாழும் எம்மவர் இப்போது சொல்லும் விடை ஒன்றுதான்: "மலைப்பக்கம் போவோம்." வான் ஒன்று அமர்த்தப்படும். எல்லவில் ஓர் இரவு, நுவரெலியாவில் ஓர் இரவு, விடிகாலையில் ஹோட்டன் சமவெளி, வழியில் இரண்டு நீர்வீழ்ச்சிகள். பிள்ளைகளுக்குப் புதிய சப்பாத்து, முதுகுப்பை, கைத்தடி. திரும்பும்போது கைத்தொலைபேசியில் நானூறு படங்கள். அவற்றில் மலை இருக்கும், முகில் இருக்கும், ஒன்பது வளைவுப் பாலம் இருக்கும். மனிதர் எவரும் இருக்கமாட்டார். இருந்தால், கொழுந்துக் கூடை சுமந்த ஒரு பெண், பெயரின்றி, பின்னணியாக இருப்பார்.

மலையேற்றத்தைக் குறைகூறுவது என் நோக்கமன்று. நண்பரும் குடும்பமுமாகக் கூடி ஏறி இறங்குவதைப்போல மனத்தைத் துடைக்கும் செயல் வேறில்லை. கடல் மட்டத்திலிருந்து எத்தனை அடி என்று கேட்டால் சிரிக்க வேண்டியிருக்கும் ஒரு மேட்டைக் 'கீரிமலை' என்று அழைத்துப் பழகிய யாழ்ப்பாணத்தவன் நான். பேராதனையில் கலைப்பட்டம் பயின்ற நாள்களில்தான் முதன்முதலாக ஹந்தானை மலையில் ஏறினேன். அன்று தொடங்கிய பழக்கம் ஐம்பது வயதைக் கடந்த பின்னரும் விடவில்லை. ஆகவே, ஏறுங்கள் என்றே சொல்வேன். ஏறியும் எதையும் காணாமல் இறங்கிவிடுகிறோமே, அதைத்தான் தட்டிக்கேட்க விரும்புகிறேன்.

இலங்கையில் மலையேறுவது வெள்ளையரிடம் கற்ற பொழுதுபோக்கு என்று சிலர் எண்ணுகின்றனர். அது தவறு. சிவனொளிபாதமலையின் 2,243 மீற்றர் உயரத்தைச் சைவரும் பௌத்தரும் இசுலாமியரும் கிறித்தவரும் பல நூற்றாண்டுகளாக ஏறி வந்துள்ளனர். 1344ஆம் ஆண்டில் இத்தீவுக்கு வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதாவை வரவேற்றவர் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. பயணி மன்னரிடம் வேண்டியது பொன்னையோ முத்தையோ அன்று. அந்த மலைக்குச் செல்ல வழித்துணையை. மன்னர் பல்லக்கு ஒன்றையும், ஆண்டுதோறும் அங்கு செல்லும் யோகிகள் நால்வரையும், பிராமணர் மூவரையும், தம்முடையவர் பத்துப் பேரையும், உணவு சுமக்கப் பதினைந்து பேரையும் கொடுத்தனுப்பினார். இதைப் பயணியே எழுதிவைத்துள்ளார். ஏறியவரின் பெயர் ஏழு நூற்றாண்டாக நிற்கிறது. சுமந்த பதினைந்து பேரில் ஒருவரது பெயரும் இல்லை. இந்த வழக்கம் அன்று தொடங்கியதோ அதற்கும் முன்னரோ அறியேன். இன்றுவரை முடியவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

நாம் இன்று மலைநாட்டில் நடக்கும் பாதைகளில் பெரும்பகுதி இயற்கை அமைத்தவை அல்ல. 1823இல் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் கோப்பித் தோட்டம் தொடங்கியது முதல், தமிழகத்திலிருந்து வந்த மக்களின் கைகள் வெட்டிய பாதைகள் அவை. அம்மக்கள் இராமேசுவரம் பக்கத்திலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து காடுகளினூடாக மாத்தளைக்குக் கால்நடையாக வந்தனர். கொலராவும் காய்ச்சலும் பசியும் வழிநெடுகிலும் பிணங்களை விழுத்தின. எஞ்சியோர் மலையைத் திருத்தினர். 1869இல் கோப்பியை இலைநோய் பிடித்தது. அதற்கு ஈராண்டுக்கு முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி அழிந்த இடத்தில் தேயிலை படர்ந்தது. புகையிரதப் பாதை 1885இல் நானுஓயாவையும், 1894இல் பண்டாரவளையையும், 1924இல் பதுளையையும் எட்டியது. உலகமே வியந்து படமெடுக்கும் அந்தப் புகையிரதப் பயணம் இப்படித்தான் உண்டானது.

இந்த வரலாற்றை எழுத்தில் படிப்பது ஒன்று, காலால் படிப்பது இன்னொன்று. 2023இல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து, யூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் இடம்பெற்றது. சுமார் 250 கிலோமீற்றர் தூரம். மூதாதையர் நடந்த வழியிலேயே பேரரும் பேத்தியரும் நடந்தனர். என் கருத்தில், அண்மைக் காலத்தில் இந்நாட்டில் நிகழ்ந்த மிகச் சிறந்த நெடுநடை அதுவே. ஆனால் மலையேற்றத்தில் ஆர்வமுள்ள எம் நண்பர்களுள் எத்தனை பேர் அதில் ஒரு நாளாவது உடன் நடந்தனர்? எல்லப் பாறைக்கு மூன்று தடவை போனவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். பெரும்பாலோர் அப்படியொன்று நடந்ததையே அறிந்திருக்கவில்லை.

இப்போது புகழ்பெற்றுவரும் 'பெக்கோ நெடும்பாதை'யை எடுத்துக்கொள்வோம். கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி, ஹற்றன், ஹப்புத்தளை, எல்ல எனச் சுற்றி நுவரெலியாவில் முடிவது அது. 22 பகுதிகள், 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம். ஐரோப்பிய ஒன்றியத்தினதும் அமெரிக்க அபிவிருத்தி முகவரகத்தினதும் நிதியுதவியுடன் உருவாக்கப்பட்டது. வெள்ளையர் காலத்தில் தேயிலையை ஏற்றியிறக்க அமைந்த தோட்டப் பாதைகளை மீண்டும் இணைத்து, அவ்வழியே வாழும் மக்களுக்கும் வருவாய் கிடைக்கச் செய்வது நோக்கம் என்கின்றனர். நல்ல நோக்கம், நல்ல பாதை. அதன் சில பகுதிகளில் நானும் நடந்துள்ளேன். ஆனால் எந்தப் பாதையும் தானாக எவருக்கும் சோறு போடாது. நடப்பவன் எங்கே உண்கிறான், எங்கே உறங்குகிறான், யாரை வழிகாட்டியாகக் கொள்கிறான் என்பதே அதைத் தீர்மானிக்கும். மேற்கு நாட்டு இளைஞன் ஒருவன் தோட்டத்துக் கடையில் ரொட்டியும் தேநீரும் கேட்டு வாங்கி உண்பதைக் கண்டிருக்கிறேன். அதே கடையைக் கடந்து, கொழும்பிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பொதிச் சோற்றை வானுக்குள் இருந்து உண்ணும் எம்மவரையும் கண்டிருக்கிறேன்.

தம்பத்தென்னைத் தோட்டத்துக்கு மேலே 'லிப்டன் இருக்கை' என்றோர் இடம் உண்டு. 1890இல் இங்கு தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன் அங்கமர்ந்து தன் தேயிலை நிலத்தை நோக்கினாராம். இன்று அவர் அமர்ந்திருப்பதாகவே ஒரு சிலையும் இருக்கிறது. அருகே அமர்ந்து, தோளில் கைபோட்டுப் படமெடுக்காத சுற்றுலாப் பயணி குறைவு. ஒருவர் உட்கார்ந்த இடத்துக்கு அவர் பெயர். அந்த உச்சிவரை கல்லை அடுக்கி வழி சமைத்தவர்களுக்கு ஓர் அடிக்கல்கூட இல்லை. துரைமார் தம் தோட்டங்களுக்கு ஸ்கொட்லாந்திலும் இங்கிலாந்திலும் உள்ள தம் ஊர்ப் பெயர்களை வைத்தனர். தொழிலாளரோ அவற்றுக்கு வேறு தமிழ்ப் பெயர்களை இட்டு வழங்கினர். நமது பயண வழிகாட்டி நூல்களில் முதல் வகைப் பெயர் மட்டுமே உண்டு. இரண்டாவது வகையை அறிய யாரிடமாவது வாய்திறந்து கேட்க வேண்டும்.

கேட்பதற்கு நமக்கு மொழி இல்லையா? சிங்கள நண்பரோ சுவீடன் நாட்டவரோ தோட்டத்து மூதாட்டியிடம் பேச முடியாது தவிப்பதில் நியாயமுண்டு. தமிழருக்கு என்ன தடை? அக்காலத் துரைமார்கூடத் தமிழ் கற்றே தோட்டத்துக்கு வந்தனர். சின்னத்துரைகளுக்காக அச்சிட்ட தமிழ்க் கைந்நூல் ஒன்றின் பெயரே 'இங்கே வா' என்பதாகும். ஏவுவதற்குக் கற்ற தமிழ் அது. ஆயினும் கற்றார்கள். தாய்மொழியாகவே தமிழைக் கொண்ட நாம், எதிரே வரும் பெண்ணுக்கு ஒரு வணக்கம் சொல்லாமல் கைத்தொலைபேசியை மட்டும் நீட்டுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் கனடாவிலிருந்து வந்த நண்பர் ஒருவரின் குடும்பத்துடன் ஊவாப் பக்கத்துத் தோட்டமொன்றின் வழியே ஏறிக்கொண்டிருந்தோம். கொழுந்து பறிக்கும் பெண்கள் தமக்குள் உரத்துப் பேசிச் சிரித்தனர். நண்பரின் பதினான்கு வயது மகள் திகைத்து நின்றாள். "அப்பா, இவையள் தமிழ் கதைக்கினம்! இங்கேயும் தமிழாக்கள் இருக்கினமா?" என்று கேட்டாள். ரொறன்ரோவில் சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்புக்குச் செல்லும் பிள்ளை அவள். இலங்கைத் தமிழர் என்றால் வடக்கும் கிழக்கும் மட்டுமே என்று அவளுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. நண்பர் தயங்காமல் விடை சொன்னார்: "அவையள் இந்தியத் தமிழர் பிள்ளை, நாங்கள் வேறை." வரிசையின் ஓரத்தில் நின்ற, இடுப்பில் படங்கு கட்டிய மூதாட்டியின் காதில் அது விழுந்துவிட்டது. அவர் கோபிக்கவில்லை. "எந்தத் தமிழா இருந்தா என்னங்க ஐயா, அந்தப் பக்கம் போகாதீங்க, வழுக்கும். பிள்ளையக் கூட்டிக்கிட்டு இந்தக் குறுக்கால ஏறுங்க" என்றார். நண்பர் அந்தக் குறுக்குவழியால்தான் ஏறினார்.

"நாங்கள் வேறை" என்ற அந்த இரு சொற்களுக்குள் ஒரு நீண்ட வரலாறு அடங்கிக் கிடக்கிறது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களைக் கேளாமலே, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய நாடற்றவருக்கும் வழிதிறக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. 55 ஆண்டுகள்! அந்தக் காலம் முழுவதும் வடபுலத்துத் திண்ணைகளில் இவர்களுக்கு வழங்கிய பெயர் 'தோட்டக்காட்டான்'. இன்று அச்சொல்லை எவரும் பகிரங்கமாகச் சொல்வதில்லை. சொல் போய்விட்டது, பார்வை போகவில்லை. கைத்தடியுடனும் முதுகுப்பையுடனும் அதே பார்வை மலையேறுகிறது.

இனி, நான் வழமையாகக் கேட்கும் மறுப்புகளுக்கு வருவோம்.

"ஓய்வெடுக்க வருகிறோம், வரலாறு படிக்க வரவில்லை" என்பது முதலாவது. ஏற்கத்தக்க வாதம்போலத் தோன்றும். ஆனால் இதே குடும்பங்கள் ரோமுக்குச் சென்றால் கொலோசியத்தை யார் கட்டினார் என்று கேட்டறிகின்றன. சுவிற்சர்லாந்து மலையில் ஏறினால் அங்குள்ள இடையர் மாடு மேய்க்கும் முறையைப் பிள்ளைகளுக்கு விளக்குகின்றன. சொந்த மொழி பேசும் மக்களிடையே நடக்கும்போது மட்டும் வரலாறு பாரமாகிவிடுவது எப்படி?

"சுற்றுலா வளர்ந்தால் அவர்களுக்கும் பணம் வரும்தானே" என்பது இரண்டாவது. வரலாம், வராமலும் போகலாம். காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992 முதல் அவற்றின் முகாமைத்துவம் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. லயன் அறையில் நான்கு தலைமுறை வாழ்ந்த குடும்பத்துக்கும் அந்த அறை நின்ற நிலம் சொந்தமில்லை. துரை பங்களா விடுதியாகிறது. தொழிற்சாலை காட்சியகமாகிறது. லயன் மட்டும் லயனாகவே இருக்கிறது. சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லாதவர் விருந்தினருக்கு அறை வாடகைக்கு விடுவது எங்ஙனம்? அதனால்தான் சொல்கிறேன்: பணம் தானாக மலையடிவாரத்துக்கு வழிந்து வராது. நீங்கள் கையால் எடுத்துக் கொடுத்தாலன்றி.

"படமெடுத்தால் காசு கேட்கிறார்களே" என்பது மூன்றாவது முறைப்பாடு. கேட்கட்டுமே! 2024 செப்ரெம்பரில்தான் இவர்களது நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. அதை 1,750 ரூபாவாக உயர்த்தும் முன்மொழிவு 2025 நவம்பரின் வரவுசெலவுத் திட்டத்தில் வந்தது. அந்தச் சம்பளத்தை முழுமையாகப் பெறப் பல தோட்டங்களில் ஒரு நாளில் 16, 18 கிலோ கொழுந்து பறித்தாக வேண்டும். நட்சத்திர விடுதியொன்றில் ஒரு குடும்பம் மாலைத் தேநீர் அருந்தும் செலவு அதைவிட அதிகம். ஒரு பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தி, கூடையைச் சரிசெய்யச் சொல்லி, சிரிக்கச் சொல்லிப் படமெடுப்பவர், அவரது நேரத்துக்கு விலை கொடுப்பது பிச்சையன்று, கூலி. கொடுக்க விருப்பமில்லையெனின் எடுக்காதிருங்கள். லயன் வாசலில் குளிக்கும் குழந்தைகளைக் கேளாமல் படமெடுப்பதைப் பற்றி நான் எழுதவும் வேண்டுமா? உங்கள் ரொறன்ரோ வீட்டு முற்றத்தில் ஒருவன் அப்படிச் செய்தால் பொலிசாரை அழைக்கமாட்டீர்களா?

மலையேற்றத்தின் ஆபத்துகளைப் பற்றியும் ஒரு சொல். மழைக்காலத்தில் மலையேறுவதை வீரமென்று கருதும் இளைஞர் இருக்கின்றனர். அட்டைக் கடியும் வழுக்கலும் அவர்களுக்கு வேடிக்கை. ஆனால் மழையில் மலை என்ன செய்யும் என்பதை அங்கு வாழ்பவரிடம் கேட்க வேண்டும். 2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானதென்று முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. போவதற்குத்தான் மக்களுக்கு இடமிருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழை அதைவிடப் பன்மடங்கு கொடியது. நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் மண்சரிவுகளால் சிதைந்தன. அந்த நாள்களில் வெளிநாட்டு நண்பர்களிடமிருந்து எனக்கு வந்த மின்னஞ்சல்களில் "சனங்கள் எப்படி?" என்று கேட்டவை பல, அவர்களுக்கு நன்றி. "எல்லவுக்கு எப்போது போகலாம்?" என்று மட்டும் கேட்டவையும் சில இருந்தன. அவற்றுக்கு நான் பதில் எழுதவில்லை. இங்கே எழுதுகிறேன்: தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கும் நாளில் போகாதீர்கள். நீங்கள் சிக்கினால் உங்களைத் தேடிவர வேண்டியவர்கள், தம் பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

குப்பை விடயமும் இதனோடு சேர்ந்ததே. ஹோட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவானது. 2010இல் சிவனொளிபாத மலைக்காட்டுடனும் நக்கிள்ஸ் மலைத்தொடருடனும் சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. அதன் வாயிலில் பைகளைத் திறந்து பொலித்தீனை அகற்றுகின்றனர். அதை அவமதிப்பாகக் கருதி ஊழியரோடு சண்டையிடும் கனவான்களைக் கண்டிருக்கிறேன். மகாவலியும் களனியும் வளவையும் ஊற்றெடுக்கும் பக்கம் அது. அங்கு வீசிய பையை உண்ணும் மரை சாகும். வாயிற்காவல் இல்லாத தோட்டப் பாதைகளிலோ கேட்பாரில்லை. தண்ணீர்ப் போத்தல்களும் மதுப் போத்தல்களும் தேயிலைச் செடிகளுக்கிடையே கிடக்கின்றன. மறுநாள் காலையில் உடைந்த கண்ணாடியின்மீது கால்வைப்பவர் யாரென்று சொல்லத் தேவையில்லை.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். பெரிய புரட்சியொன்றும் வேண்டாம். அடுத்த தடவை மலையேறும்போது, கொழும்பிலிருந்து வழிகாட்டியைக் கொண்டுசெல்லாமல் அந்தத் தோட்டத்து இளைஞர் ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். எந்தக் கல் வழுக்கும், எந்த ஓடை திடீரெனப் பெருகும் என்பதை அவரைவிட அறிந்தவர் இல்லை. உங்கள் பிள்ளைகளின் உயிருக்கும் அதுவே காப்பு. ஒரு வேளையாவது தோட்டத்துக் கடையில் உண்ணுங்கள். படமெடுக்கமுன் கேளுங்கள், கேட்டபின் பெயரையும் கேளுங்கள். கொண்டுபோன குப்பையைக் கொண்டு வாருங்கள். கம்பளைக்கு அருகே பரதெக்கவில் பழைய லயன் அறைகளிலேயே தோட்டத் தொழிலாளருக்கென ஓர் அரும்பொருட் காட்சியகம் 2007இல் தொடங்கப்பட்டது. கவ்வாத்துக் கத்தியும் வீட்டுப் பாத்திரங்களும் பழைய ஆவணங்களும் அங்குண்டு. ஹந்தானைத் தேயிலைக் காட்சியகத்தில் டெயிலரையும் லிப்டனையும் பார்க்கும் அதே நாளில் அங்கும் ஒரு மணி நேரம் செலவிடுங்கள்.

புலம்பெயர்ந்த நாடுகளில் தமிழ்ப் பாடநூல் எழுதும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இலங்கைத் தமிழர் பற்றிய பாடத்தில் மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தமிழ்ப் பிள்ளையொன்று தேயிலை மலையில் நின்று "இங்கேயும் தமிழாக்கள் இருக்கினமா?" என்று கேட்குமாயின், அது அந்தப் பிள்ளையின் அறியாமை அன்று. நாம் கற்பிக்காமல் விட்டதன் கணக்கு.

மலை எவருக்கும் தனிச் சொத்தன்று. ஏறுவதற்கு எல்லோருக்கும் உரிமையுண்டு. ஆனால் பிறர் வெட்டிய பாதையில் நடப்பவர், வெட்டியவர் இன்னும் அந்தப் பாதையோரத்தில்தான் வாழ்கிறார் என்பதை அறிந்து நடப்பது குறைந்தபட்ச மரியாதை. அந்த மரியாதையை அந்நியர் செய்யத் தொடங்கிவிட்டனர். நாம் இன்னும் வானுக்குள்ளேயே இருக்கிறோம்.